பேர் வெட்டிய நாள்

கடந்த டிசம்பர் மாத இறுதியில் மூன்று நாள் விடுப்பில் ஹட்டனுக்குச் சென்றிருந்தேன். விடுப்பு என்று எழுதுவது பழக்கதோஷம். பத்திரிகை அலுவலகத்தை விட்டு நான் வெளியேறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு விடுப்புத் தரவோ மறுக்கவோ இப்போது எவரும் இல்லை. ஆயினும் பல ஆண்டுப் பழக்கம் அவ்வளவு சுலபமாக விட்டுப்போவதில்லை.

போன காரியம் மூட்டை கட்டுவது. என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், திருச்சபைப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். போதகருக்கு ஓய்வு என்றால் குருமனையைக் காலி செய்து அடுத்து வருகிறவர் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருப்பதால் உதவிக்கு என்னை அழைத்திருந்தார்கள். உதவி என்று நான் செய்தது குறைவு. அக்கா கட்டுவாள், நான் கயிற்றை எடுத்துக் கொடுப்பேன்.

பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு தகரப்பெட்டியின் மேல் அமர்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அக்கா, "இனிமே போறது ஒம்பதாவது வீடு தம்பி" என்றாள். விரல் மடித்து எண்ணியும் காட்டினாள். பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட லயம் ஒன்று. பிலிமத்தலாவையில் இரண்டு. அதன்பின் மச்சான் பணியாற்றிய ஊர்களில் ஐந்து குருமனைகள். ஆக எட்டு. "எட்டுல ஒண்ணுகூட எம் பேர்ல இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள். அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள்.

அந்தத் தகரப்பெட்டியை எனக்குத் தெரியும். 1998ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில், ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்திலிருந்து அதைத் தலையில் சுமந்து பெரிய ரோட்டுக்கு இறக்கியவன் நான்தான்.

மச்சான் அப்போது தோட்டத்து ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை என்பதை மலையகத்துக்கு வெளியே உள்ள அன்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். வாரம் ஆறு நாளும் கொழுந்து வாட்டுகிற தட்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று தோட்டங்களுக்கு நடந்துபோய்ச் செபக்கூட்டம் நடத்துவார். சம்பளம் கிடையாது. போகிற இடத்தில் ரொட்டியும் சம்பலும் கிடைக்கும். 'உபதேசியார்' என்ற பெயர் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இந்த உபதேசியார் மரபு பழையது. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், தோட்டத் தொழிலாளருக்கென்று 'தமிழ்க் கூலி மிஷன்' என ஒன்று தொடங்கப்பட்டது. பெயரைப் பாருங்கள். ஆத்துமாவை இரட்சிக்க வந்தவர்களும் கூலி என்ற சொல்லை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அதற்கு உபதேசிகள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். அதன்பின் நெடுங்காலம், தோட்டத்துச் சபைகளுக்குக் குருவானவர் என்றால் அவர் திருநெல்வேலியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். லயத்தில் பிறந்த ஒருவர் அங்கி அணிந்து அதே லயத்துக்கு வருவது என்பது எங்கள் சிறுவயதில் நினைத்துப் பார்க்கவும் அரிதான காரியம். ஆகவே, சபையார் மச்சானை இறையியல் படிக்க அனுப்பத் தீர்மானித்தபோது எங்கள் லயமே நாலு நாள் தூங்கவில்லை.

படிக்க வேண்டிய இடம் கண்டிக்கு மேற்கே, கொழும்பு வீதியில் உள்ள பிலிமத்தலாவை. அங்குள்ள இலங்கை இறையியல் கல்லூரி 1963இல் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்டிஸ்ட் முதலான திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து தொடங்கியது. அதற்கு முன் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற இந்தியக் கலாசாலைகளுக்குப் போய், ஆங்கிலத்தில் படித்துத் திரும்புவார்கள். பிலிமத்தலாவை வந்த பிறகுதான் சொந்த நாட்டில், சிங்களத்திலும் தமிழிலும், ஒரே வளவுக்குள் படிக்க வழி பிறந்தது. (அக்காலத்தில் இச்சபைகள் எல்லாம் இணைந்து ஒரே இலங்கைத் திருச்சபையாகும் திட்டமும் இருந்தது. அது கைகூடவில்லை. திருச்சபைகள் தனித்தனியே நின்றுவிட்டன, கல்லூரி மட்டும் ஒன்றாக நிற்கிறது.)

அதே கண்டியில், அம்பிட்டியவில், கத்தோலிக்கரின் குருமடம் இருக்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ காலத்தில் 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாகத் தொடங்கப்பட்ட பாப்பிறைக் குருமடம் அங்கேதான் இருந்தது. 1955இல் அது பூனாவுக்குப் போனது. அங்கே படிக்கப் போகிறவர் பெட்டியோடு தனியாகப் போவார். அவருக்கு மனைவியில்லை, மக்களில்லை. சீர்திருத்தச் சபைகளில் அப்படியல்ல. அழைப்பு ஒருவருக்கு வரும், ஆனால் மூட்டையைக் கட்டுகிறவர்கள் மொத்தக் குடும்பமும். இதைப்பற்றி இறையியல் நூல்களில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று மச்சானிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துவிட்டு, "ஒங்க அக்காகிட்டத்தான் கேக்கணும்" என்றார்.

அக்காவுக்கு அப்போது கையில் ஒரு பெண் குழந்தை, தாய்ப்பால் மறக்காதது. மூத்தவன் நான்கு வயது. பதினெட்டு வயதில் செக்ரோலில் பேர் பதிந்து மலைக்குப் போனவள். தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் போதாது. பேர் இருந்தால் வேலை. வேலை இருந்தால் லயத்தில் காம்பரா. காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் நின்றால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். புருசன், பெண்சாதி இருவருக்கும் பேர் வெட்டப்பட்டால், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவையும் அதன் முன்னால் போட்ட கறிவேப்பிலைக் கன்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். நூறு வருடம் தலைமுறை தலைமுறையாய் அதே காம்பராவில் பிறந்திருந்தாலும் சட்டம் அதுதான். தோட்டங்கள் வெள்ளைக்காரனிடமிருந்து 1970களில் அரசாங்கத்துக்கு வந்தபோதும், 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோதும் இது மாறவில்லை.

எங்கள் அம்மா வேலையிலிருந்து நின்று, என் தம்பியோடு வேறு தோட்டத்தில் இருந்தாள். ஆகவே காம்பராவை வைத்துக்கொள்ள ஆளில்லை. அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் துளியும் சம்மதமில்லை. 1977 ஆகஸ்டில் தோட்டங்களுக்குள் புகுந்து அடித்து, எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் போனதை அவள் கண்ணால் பார்த்தவள். "நாட்டுப்பக்கம் போய்க் குடியிருக்கப் போறீங்களா? லயத்தில அடிச்சா ஓடுறதுக்கு மலையாச்சும் இருக்கு" என்றாள். சிங்களக் கிராமங்களை நாங்கள் நாட்டுப்பக்கம் என்போம். அப்படியானால் நாங்கள் இருப்பது நாடு இல்லையா என்று நான் கேட்கத் தொடங்கியது பத்திரிகைக்குப் போன பிறகுதான்.

அம்மாவின் இன்னொரு கேள்விக்கு எவரிடமும் பதிலில்லை. "படிப்பு ஏறலன்னா?" ஸ்டோரில் வேலை செய்த, முப்பது தாண்டிய மனிதர், நாலு வருடப் படிப்பு. தேறாவிட்டால் திரும்பி வர வீடு கிடையாது, வேலை கிடையாது. வெட்டிய பேரை மறுபடி பதிவது தொரையின் தயவு.

அக்கா பேர் வெட்டக் கணக்கப்பிள்ளையிடம் போன நாளில் நான் கூடப் போனேன். ஒரு கையெழுத்து. அவள் சுருட்டிச் சுருட்டித் தன் பெயரை எழுதினாள். பதினொரு வருடம். சேவைக்காலப் பணம் பிறகு வரும் என்றார்கள். எட்டு மாதம் கழித்து வந்தது. சேமலாப நிதி ஐம்பது வயதுக்கு முன் கைக்கு வராது. திரும்பும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. லயத்துக்கு வந்ததும் கூடையை எடுத்துத் தூசி தட்டி, அதற்குள் பிள்ளைகளின் துணியை அடுக்கத் தொடங்கினாள். கூடையை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடேன் என்றேன். முறைத்தாள்.

மரக்கறி லொறி ஒன்றில்தான் புறப்பட்டோம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை. 4,000 அடிக்கு மேலிருந்து 1,600 அடியளவுக்கு இறங்குகிற பாதை. கினிகத்தேனை வளைவுகளில் அக்காவுக்கு வாந்தி. கம்பளையைத் தாண்டியதும் மூத்தவன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, "மலையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். மலைகள் இருந்தன. ஆனால் அவற்றில் தேயிலை இல்லை. தேயிலையில்லாத மலையை அவன் மலையென்று ஒப்புக்கொள்ளவில்லை.

பிலிமத்தலாவையைக் கொழும்பு - கண்டி பஸ்ஸில் போனவர்கள் பித்தளைக் கடைகளால் அறிவார்கள். வீதியின் இருபுறமும் குத்துவிளக்குகள் வெயிலில் மின்னும். கண்டி அரசின் அதிகாரமிக்க அமைச்சனாயிருந்த பிலிமத்தலாவை அதிகாரம் இந்த ஊர்ப் பெயர் கொண்டவன். 1798இல் கண்ணுச்சாமி என்ற மதுரை நாயக்கர் வழி இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணையில் ஏற்றியவனும் அவனே, பின்னர் அதே அரசனால் கொல்லப்பட்டவனும் அவனே. அங்கிருந்து சிறிது தூரத்தில் கடலாதெனிய விகாரை. 1344இல் அதைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியர். இதையெல்லாம் நான் லொறியின் பின்னால் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து மச்சானுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். மச்சான் மரியாதைக்குக் கேட்டார். அக்கா, "அதெல்லாம் இருக்கட்டும், தண்ணி பைப்பிலயா கெணத்திலயா?" என்றாள்.

கிணறு. ஒரு சிங்கள அம்மாவின் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறை, தனி அடுப்படி, பலாமரத்து நிழல். கணவனை இழந்தவர். தோட்டத்துப் பழக்கத்தில் அக்கா அவரை 'நோனா' என்றாள். அவர் கையை உதறி, 'அக்கே' என்று கூப்பிடச் சொன்னார். அன்று மாலையே மூட்டை பிரித்தபோது கொழுந்துக் கூடையைப் பார்த்துவிட்டார். "வத்தெனுத?" தோட்டத்திலிருந்தா என்று கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். அக்கா தலையசைத்தாள். கூடையை மறைத்து வைத்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. நான்தான் அப்படி நினைத்தேன், அக்கா அதை ஆணியடித்து அடுப்படிச் சுவரில் மாட்டினாள்.

மறுநாள் நான் கொழும்புக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். 1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் கண்டி தலதா மாளிகையின் வாசலில் வெடிமருந்து நிரப்பிய லொறி வெடித்தது. சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு விழாவைக் கண்டியில் நடத்த ஏற்பாடாகியிருந்த நேரம். விழா பின்னர் கொழும்புக்கு மாற்றப்பட்டது. நான் திங்கட்கிழமைப் பத்திரிகைக்கான மேசையில் இருந்தேன். முதல் பக்கத்தைக் கலைத்தோம், தலைப்பு மாற்றினோம், கண்டி நிருபரைத் தேடினோம், படம் எப்போது வரும் என்று கத்தினோம். எங்களில் பலருக்கும் தெரிந்த அந்த மயக்க நிலை அது, செய்தி பெரிதாகப் பெரிதாகக் கை வேகமாக ஓடும். சுமார் ஒரு மணி நேரம் கழித்து, வரைபடம் ஒன்றுக்குக் குறிப்பு எழுதும்போது 'கண்டியிலிருந்து கொழும்பு வீதியில்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். அந்த வீதியில், பன்னிரண்டு கிலோமீற்றருக்குள், என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரு மணி நேரம் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இதை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்வாள்.

அக்கா கொடுத்திருந்த தொலைபேசி எண் சந்தியிலுள்ள ஒரு கடையினுடையது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. செவ்வாய்க்கிழமைதான் என்னால் புறப்பட முடிந்தது. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தவர்கள் இறங்கி வரிசையில் நிற்கவேண்டும். பத்திரிகை அட்டை இருந்ததால் எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அப்போது மனதில் உறுத்தியது இதுதான்: அக்காவுக்கு அடையாள அட்டையே இல்லை. மலையகத்தில் இது புதுமையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை ஆட்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பிரஜை என்ற சொல் ஒட்டியது. சொல் ஒட்டிவிட்டது, கடதாசி ஒட்டவில்லை. அக்காவின் பெயர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், பாடசாலை இடாப்பில் ஒரு விதம், செக்ரோலில் மூன்றாவது விதம். எழுதியவர்கள் கேட்டபடி எழுதினார்கள். கேட்டது அவரவர் காதைப் பொறுத்தது. தோட்டத்துக்குள் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கங்காணிக்கு முகம் தெரியும், அது போதும். இப்போது முகம் தெரியாத ஊருக்கு வந்துவிட்டாள்.

வீட்டை அடைந்தபோது அக்காவின் பக்கத்துக் கதவும் சன்னலும் மூடியிருந்தன. வீட்டுக்கார அம்மா முன்வாசல் திண்ணையில் அமர்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே அழைத்துப் போனார். அக்கா இருட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். மச்சான் கல்லூரிக்குப் போயிருந்தார்.

பேச்சை வீட்டுக்கார அம்மாவே தொடங்கினார். மாத முடிவோடு அறையை விட்டுத் தரவேண்டும். தன் மகனும் உறவினர்களும் கேட்கிறார்கள்; அக்கம்பக்கம் ஒரு மாதிரி பேசுகிறது. தனக்குப் பயமில்லை, ஆனால் தான் தனி மனுஷி. கொடுத்திருந்த முற்பணத்தை ஒரு சதம் குறையாமல் துணியில் முடிந்து வைத்திருந்தார். அதை என் கையில் வைத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே வந்ததும் அக்காவிடம், இதை எழுதாமல் விடப்போவதில்லை என்றேன். தலைப்புக்கூட மனதில் ஓடிவிட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எழுதாத தம்பி. அந்தம்மா மூணு நாளா அந்தத் திண்ணையிலதான் ஒக்காந்திருக்கு. சோறுகூட அங்கதான். யாரு வந்து கேட்டாலும் உள்ள ஆளில்ல, ஊருக்குப் போய்ட்டாங்கன்னு சொல்லுது. எனக்குப் பாஷ தெரியாது, ஆனா அது பொய் சொல்றது தெரிஞ்சுச்சு."

ஆகவே எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒன்று, வெளியேற்றிய சிங்கள வீட்டுக்காரி என்று எழுதியிருப்பேன். அல்லது காப்பாற்றிய சிங்களத் தாய் என்று எழுதியிருப்பேன். பத்திரிகையில் அன்று இரண்டுக்கும் இடமிருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்பதற்குப் பத்தி ஒதுக்குகிற வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

மறுநாள் பொலிஸ் பதிவுக்குப் போனோம். நான், அக்கா, இடுப்பில் பிள்ளை, கையில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் தொழிற்சங்க அட்டையும் கல்லூரியில் படிப்பவரின் மனைவி என்பதற்கான கடிதமும். மேசையிலிருந்தவர் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவை மூன்று பேரா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பிவிட்டார். விளக்கினேன். பிள்ளை அழத் தொடங்கியதும் எழுதி முடித்து அனுப்பிவிட்டார். எந்தப் பெயரை எழுதினார் என்று பிறகுதான் பார்த்தோம். நாலாவதாக ஒன்றை எழுதியிருந்தார். அடையாள அட்டை கைக்கு வர அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இரண்டாவது வீடு ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் பின்னால் கிடைத்தது. மீதி நாலு வருடமும் அங்கேதான். மூத்தவன் அருகிலிருந்த முஸ்லிம் பாடசாலைக்குப் போனான். சிங்களப் பகுதியில் தமிழில் படிக்க வழி அதுதான். கண்டிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளில் போதனை மொழி தமிழ். பைபிள் படிக்கிறவரின் பிள்ளை, நோன்புக் காலத்தில் பகலில் சோறு கேட்காமல் இருந்து அக்காவைக் கலவரப்படுத்தினான்.

மச்சான் பாடு சுலபமில்லை. சபைச் சரித்திரம், பழைய ஏற்பாடு, பிற சமயங்கள், கொஞ்சம் கிரேக்கம். இரவில் குப்பி விளக்கில் (மின்சாரம் இருந்தது, கட்டணத்தை எண்ணி அணைத்துவிடுவார்) அல்பா, பேட்டா என்று உரக்கச் சொல்வார். பின்னாலேயே பையனும் சொல்வான். அக்கா மாவு பிசைந்துகொண்டே சொல்வாள். முதல் வருட விடுமுறையில் பழைய தோட்டத்தில் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள். புதிதாகப் படித்த சொற்களையெல்லாம் இறக்கி முக்கால் மணி நேரம் பேசினார். முடிந்ததும் ஒரு கிழவி அருகில் வந்து, "போன வருசம் நல்லா பேசினீங்கய்யா" என்றாள். மச்சான் அந்தக் கதையை இன்றுவரை ஒவ்வொரு இளம் போதகரிடமும் சொல்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது அவர் படிப்பைப் பற்றியல்ல. கல்லூரியில் அவருக்குப் பாடத்திட்டம் இருந்தது, ஆசிரியர்கள் இருந்தார்கள், பரீட்சை இருந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் அவள் பட்ட பாட்டை நான் பிறகுதான் அறிந்தேன். காலை நாலரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். பெரட்டு இல்லை. எங்கே போவது? எழுந்து முற்றத்தைக் கூட்டுவாள். கூட்டி முடித்ததும் மறுபடி கூட்டுவாள். "கை ரெண்டும் சும்மா இருக்கிறது எவ்வளவு பாரம்னு ஒனக்குத் தெரியாது தம்பி" என்றாள். தன் கையால் உழைத்துத் தன் பேரில் சம்பளம் வாங்கிய பெண். இப்போது உதவித்தொகையில் கணவன் தருவதை எண்ணி வாங்க வேண்டும். மலையில் அவள் யாரிடமும் எதற்கும் கை நீட்டியதில்லை.

பிறகு இடியப்பம் அவித்தாள். வியாபாரியின் கடையிலேயே வைத்து விற்றாள். தையல் பழகினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்துச் சிங்கள எழுத்துப் படித்தாள். இதில் அவளுக்கு ஆசிரியை யார் தெரியுமா? முதல் வீட்டுக்கார அம்மாதான். போகச் சொன்ன பிறகும் அவர் வந்து போவதை நிறுத்தவில்லை. பலாப்பழக் காலத்தில் பழத்தோடு வருவார். ஒரு போயா நாளில் அக்காவையும் பிள்ளைகளையும் லங்காதிலக விகாரைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்காவால் வாசிக்க முடியவில்லை, ஆனால் ஓரிரு எழுத்துகள் பிடிபட்டன. "நம்ம எழுத்து" என்று விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கார அம்மா அதுநாள்வரை அதைக் கவனித்ததில்லையாம். நான் அடுத்த முறை போனபோது, கடலாதெனிய, கணேஸ்வராச்சாரி என்று லொறியில் நான் சொன்னதையெல்லாம் அக்கா எனக்கே திருப்பி விளக்கினாள். தண்ணீரைப் பற்றி மட்டும்தான் கேட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

மச்சான் தேறினார். அபிஷேகம் பெற்றார். அதன்பின் ஐந்து ஊர்கள், அவற்றில் மூன்று தோட்டப்பகுதி. லயத்து வாசலில் அங்கியோடு நின்றபோது எங்கள் அம்மா உயிரோடிருந்தாள், பார்த்தாள். அதிகம் எழுதினால் எனக்குக் கண் மறைக்கும். விட்டுவிடுகிறேன்.

இனி வீட்டு விஷயம். குருமனையும் லயம் மாதிரித்தான் என்று நான் சொன்னால் மச்சான் வருத்தப்படுவார். சபை அவர்களை மரியாதையோடுதான் வைத்திருந்தது. ஆனாலும் வேலை இருக்கும்வரை வீடு என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே. தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணி கொடுத்துத் தனி வீடு கட்டும் திட்டம் வந்து, எங்கள் உறவினர் சிலருக்கு வீடு கிடைத்திருக்கிறது. மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனாலும் நடக்கிறது. அக்காவும் ஒருநாள் விசாரிக்கப் போனாள். தோட்டத்தில் பதிவில் உள்ள குடும்பங்களுக்குத்தான் முதலிடம் என்றார்கள். அவள் பேர்தான் 1998இலேயே வெட்டப்பட்டுவிட்டதே. சபையின் ஓய்வூதியமும், மகன் அனுப்புவதும், ஐம்பது வயதில் கைக்கு வந்து செலவாகாமல் காத்த சேமலாப நிதியும் சேர்த்துக் கொட்டகலையில் ஒரு கடைக்காரரின் மேல்மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பேசியிருந்தார்கள்.

லொறி வருவதற்கு முன் அந்தக் கடைக்காரர் ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்தார். நல்ல மனிதர், ஐயாவுக்கு வீடு கொடுப்பது பாக்கியம் என்றார். பத்திரம் சிங்களத்தில் இருந்தது. மச்சான் கையெழுத்திடப் பேனாவை எடுத்தார். அக்கா, "இருங்க" என்று கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மூட்டை மேல் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தாள். நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"காலி பண்ணச் சொல்றதா இருந்தா எத்தன மாசத்துக்கு முந்தி சொல்வீங்க? இதில போடலியே?"

மூன்று மாதம் என்று எழுதலாம் என்றார் கடைக்காரர். அக்கா ஆறு என்றாள். ஆறாயிற்று.

"அப்புறம் எம் பேரும் இதில வரணும். ரெண்டு பேரும்தானே குடியிருக்கோம்."

அவர் பேனாவை வாங்கி, அவள் பெயரைக் கேட்டு, மச்சான் பெயருக்குக் கீழே சிங்களத்தில் எழுதினார். அக்கா பார்த்தாள். பத்திரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு எழுத்துப் பிழையா இருக்கு. வேற தாள்ல சரியா எழுதிட்டு வாங்க. லொறி நிக்கட்டும்."